உப்புத்தண்ணில பருத்தி: மொத முப்பது நாளத் தாண்ட வைக்கிறதுதான் வேலையே

திருமங்கலத்துக்குத் தெக்க கள்ளிக்குடி, கல்லுப்பட்டி, அப்பிடியே மேக்க பேரையூர் வரைக்கும் கரிசக்காட்டுல போர் போட்டவங்ககிட்ட தண்ணி எப்பிடின்னு கேட்டுப் பாருங்க, நெறைய பேரு பதில் சொல்றதுக்கு முன்னாடி மூஞ்சியச் சுளிப்பாங்க. எங்க தோட்டத்துத் தண்ணியும் அப்பிடித்தேன். வாயில வச்சா உப்புக் கரிக்கும், மாடு மோந்து பாத்துட்டு திரும்பிப் போயிரும். இந்தத் தண்ணிய வச்சு என்ன வெள்ளாமை பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது பருத்திதான், ஆனா ஒரு கண்டிஷனோட.

அந்தக் கண்டிஷன நான் படிச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்கல, காசு போய்த்தான் தெரிஞ்சுது. ஒரு வருசம் மாசிப்பட்டத்துல ஒன்றரை ஏக்கர், பார் (மண்ணு மேடு) புடிச்சு பாரோட உச்சில அழகா நேரா ஊனி போர்த்தண்ணிய விட்டேன், எட்டு நாள் கழிச்சுப் பாத்தா பாதிக்குப் பாதி மொளைக்கல. வெதை சரியில்லன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயி, திரும்ப வேற பாக்கெட் வாங்கி ஊனுனா அதுவும் அதே கதை. அப்புறந்தான் எங்க சித்தப்பா வந்து வரப்புல குத்த வச்சு ஒக்காந்து பாரோட உச்சி மண்ண சுரண்டி நாக்குல வச்சுப் பாத்துட்டு, "ஏண்டா, உப்பு மூட்டைக்குள்ள வெதைய ஊனி வச்சிருக்க, எப்பிடி மொளைக்கும்"னாரு. வெதை மேல ஒரு தப்பும் இல்ல.

பருத்தி உப்பத் தாங்குற பயிர்தான், அதுல சந்தேகமே இல்ல. ஐ.நா. உணவு விவசாய அமைப்போட அட்டவணைல, மண்ணுல உப்போட அளவு, அதாவது இ.சி., 7.7 டெசிசைமன் வரைக்கும் பருத்தி மகசூல் குறையாது, அதுக்கு மேல ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 5 சதவீதம் விழும்னு இருக்கு. மத்த பயிரெல்லாம் பாருங்க, வெங்காயம் 1.2லயே விழ ஆரம்பிச்சிரும், மெளகா 1.5, மக்காச்சோளம் 1.7, நெலக்கடலை 3.2. சோளம் மட்டும் 6.8 வரைக்கும் கூட வரும். ஆனா இந்த 7.7ங்கிறது வளந்த செடிக்கு உள்ள கணக்கு. மொளைக்கிற வெதைக்கும் ரெண்டு இலை நாலு இலைப் பருவத்துல இருக்குற குஞ்சுச் செடிக்கும் அந்தத் தெம்பு கெடையாது. அதனால உப்புத்தண்ணில பருத்தின்னா, மொத முப்பது நாள் நல்ல தண்ணியும் நல்ல எடமும் குடுத்து செடியக் காப்பாத்துறது, அதுக்கப்புறம் போர்த்தண்ணிய தெறந்து விடுறது, அம்புட்டுதேன். கீழ நான் சொல்றது எல்லாமே இத எப்பிடிப் பண்றதுங்கிறதுதான்.

மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. மோட்டார அரை மணி நேரம் ஓட விட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில அதே தண்ணில ரெண்டு மூணு தடவ அலசி, ஒரு லிட்டர் மூடி வரைக்கும் ரொப்பி, அன்னிக்கோ மறுநாளோ லேப்ல குடுத்துருங்க. மதுரைக்காரங்களுக்கு ஒத்தக்கடைல யானைமலைக்குப் பக்கத்துல வேளாண்மைக் கல்லூரியே இருக்கு, இல்லாட்டி வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துல கேக்கலாம். இ.சி. மட்டும் பாத்தா பத்தாது, எஸ்.ஏ.ஆர். (கால்சியம், மெக்னீசியத்தோட ஒப்பிட்டா சோடியம் எம்புட்டுங்கிற கணக்கு), ஆர்.எஸ்.சி. (அந்த ரெண்டுக்கும் மிஞ்சி நிக்கிற கார்பனேட், பைகார்பனேட்) ரெண்டும் வேணும்னு வாய் தெறந்து கேளுங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். வருசத்துக்கு ரெண்டு தடவ எடுத்தா நல்லது, தைல ஒண்ணு, சித்திரைல ஒண்ணு. மழை முடிஞ்சு இருக்குற தண்ணியும் கோடைல அடிமட்டத்துக்குப் போன தண்ணியும் ஒண்ணா இருக்காது.

ஆர்.ஓ. மிஷின் மாட்டுறவங்க வச்சிருக்குற, தண்ணில கரைஞ்ச உப்பு எம்புட்டுன்னு காட்டுற டி.டி.எஸ். பேனாவ வச்சு நெறைய பேரு பாக்குறாங்க, பாக்கலாம், தப்பில்ல, ஆனா ஒரு குழப்பம் இருக்கு. அந்தப் பேனா உண்மையில அளக்குறது இ.சி.யத்தான், அத உள்ளுக்குள்ள ஒரு நம்பரால பெருக்கி பி.பி.எம்.னு காட்டுது. நெறைய பேனா 0.5ஆல பெருக்கும், ஆனா நம்ம புத்தகக் கணக்கு 1 இ.சி.க்கு 640 பி.பி.எம்.னு போகும். அப்ப பேனா 2000 காட்டுனா ஒரு கணக்குல இ.சி. 4, இன்னொரு கணக்குல 3 சொச்சம். பேனால இ.சி. மோடு இருந்தா அதுல பாருங்க, சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோசைமன்னா மீட்டருக்கு 1 டெசிசைமன், முடிஞ்சுது.

இன்னொரு குழப்பம் மண் ரிப்போர்ட்ல. இங்க லேப்ல பொதுவா ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டரை பங்கு தண்ணி ஊத்திக் கலக்கி இ.சி. எடுப்பாங்க, நான் மேல சொன்ன 7.7 அப்பிடி எடுத்தது இல்ல, மண்ண கொழகொழன்னு பசை மாதிரி பெசஞ்சு அதுலருந்து உறிஞ்சி எடுத்த தண்ணியோட அளவு. லேப் ரிப்போர்ட்ல 2ன்னு பாத்துட்டு "7.7க்கு ரொம்ப தூரம் இருக்கு"ன்னு சந்தோசப்பட்டா மாட்டிக்குவீங்க, ஏன்னா தண்ணி கூட ஊத்துனதால உப்பு நீர்த்துப் போயி கம்மியா காட்டுது.

தண்ணியோட இ.சி.க்கு அதே அட்டவணை 5.1 வரைக்கும் முழு மகசூல்னு சொல்லுது. அது தண்ணி நல்லா எறங்குற மண்ணுக்கு. நம்ம கரிசல் களிமண்ணு, உப்பு உள்ள போனா வெளிய வராது, அதனால அத அப்பிடியே எடுத்துக்காதீங்க. என் கணக்கு என்னன்னா கரிசல்ல 3 வரைக்கும் தைரியமா போடு, 4 வரைக்கும் கவனமா போடு, அதுக்கு மேலன்னா கம்மாத்தண்ணியோ மழைத்தண்ணியோ ஊடால கெடைக்கும்னா மட்டும் போடு. செவல்ல, மணல் கலந்த மண்ணுல இன்னும் கொஞ்சம் கூடப் போகலாம்.

இது எம்புட்டு உப்புன்னு ஒரு தடவ கணக்குப் போட்டு நானே அசந்துட்டேன். ஒரு ஏக்கருக்கு ரெண்டு இஞ்ச், அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி பாய்ச்சுனா சுமார் 2 லட்சம் லிட்டர். இ.சி. 3ன்னா லிட்டருக்கு ரெண்டு கிராம் கிட்ட உப்பு, அப்ப ஒரு தண்ணிக்கு 390 கிலோ. ஒரத்து மூட்டைக் கணக்குல எட்டு மூட்டை உப்ப ஒவ்வொரு தடவையும் நாமளே காட்டுல கொட்டுறோம். பத்து தண்ணி பாய்ச்சுனா கிட்டத்தட்ட நாலு டன். இத ஐப்பசி கார்த்திகை மழை கழுவிக்கிட்டுப் போகலேன்னா காடு ரெண்டு மூணு வருசத்துல வெள்ளையா பூத்துரும்.

சரி, இப்ப எஸ்.ஏ.ஆர்., ஆர்.எஸ்.சி. எதுக்குன்னா, கெட்ட தண்ணின்னு நாம பொதுவா சொல்றதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு வெறும் உப்பு, உவர். காஞ்சா மண்ணு மேல வெள்ளையா பூக்கும், மண்ணு பொலபொலன்னு இருக்கும். இன்னொண்ணு சோடா உப்பு, அதாவது களர். இதுல சோடியம் மண்ணோட கட்ட ஒடைச்சிரும், தண்ணி எறங்காது, கலங்கலா மேலயே நிக்கும், காஞ்சா சிமெண்டு மாதிரி இறுகும், மொளை முட்டிக்கிட்டு வெளிய வர முடியாம வளைஞ்சு கெடக்கும். வீட்டுலயே பாக்க ஒரு வழி இருக்கு. காஞ்ச மண்ணுக்கட்டி ஒண்ண, சுண்டைக்கா அளவு போதும், ஒரு கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்தி மெதுவா உள்ள போட்டுட்டு ஆட்டாம ஒரு நாள் வைங்க. கட்டி ஒடைஞ்சு விழுந்தாலும் தண்ணி தெளிவா இருந்தா பரவாயில்ல. கட்டியச் சுத்தி பால் மாதிரி கலங்கி அப்பிடியே நின்னா அது சோடியத்தோட வேலை. போர்த்தண்ணில வச்சுப் பாக்காதீங்க, உப்புத்தண்ணில கலங்கலே தெரியாது.

ஜிப்சம் போடுறது இந்த ரெண்டாவது ஜாதிக்குத்தான். வெறும் உவருக்கு ஜிப்சம் போட்டா ஒரு பிரயோசனமும் இல்ல, அதுவும் ஒரு உப்புதான, காசு குடுத்து வாங்கி மேல போட்ட மாதிரி. "உப்புத்தண்ணியா, ஜிப்சம் போடு"ன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்றத நிறுத்தணும். ஆர்.எஸ்.சி. 1.25க்குள்ள இருந்தா கவலை இல்ல, 2.5 வரைக்கும் சமாளிக்கலாம், அதத் தாண்டுனா ஜிப்சம் வேணும். கணக்கு எளிசு: ஏக்கருக்கு அஞ்சு சென்டிமீட்டர் தண்ணில ஆர்.எஸ்.சி. ஒரு யூனிட் கொறைக்க சுத்தமான ஜிப்சம் 17 கிலோ சொச்சம். உங்க தண்ணி 5ன்னு வைங்க, அத 2.5க்குக் கொண்டு வர 43 கிலோ, வாங்குற ஜிப்சம் 70 சதவீதம் சுத்தம்னா ஒரு தண்ணிக்கு 60 கிலோ கிட்ட. ஒவ்வொரு தண்ணிக்கும் தூக்கிச் சுமக்க முடியாதுன்னா எத்தனை தண்ணின்னு மொத்தமா கணக்குப் பண்ணி மழைக்கு முன்னாடியே மண்ணுல தூவி மேலாப்புல நாலு விரக்கடை உழுது கலந்து விட்டுருங்க. ஆழமா உழுது பொதைச்சிராதீங்க.

பட்டம் பத்தி. நம்ம பக்கம் ரெண்டு பட்டம், ஆவணி புரட்டாசில ஒண்ணு, மாசில ஒண்ணு. நல்ல தண்ணி உள்ளவன் எதுல வேணா போடட்டும். உப்புத்தண்ணிக்காரன் ஆவணி புரட்டாசிலதான் போடணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஏன்னா வெதை மொளைச்சு குஞ்சா இருக்குற நேரத்துல மேல வானத்துலருந்து வர்றது சுத்தமான தண்ணி, ஐப்பசி அடைமழை உப்பக் கீழ தள்ளிரும், நீங்க போர தொறக்குற நேரம் மார்கழி தை, அப்ப செடி இடுப்பு ஒசரம் நிக்கும், சப்பையும் (பூ மொட்டு) காயுமா, உப்ப பொருட்படுத்தாது. மாசில போட்டா எல்லாம் தலைகீழ். வெயில் ஏறுற நேரம் வெதை, தண்ணி காய காய உப்பு மேல ஏறும், கழுவ மழை கெடையாது. ஒரே சங்கடம், கரிசல்ல அடைமழைல தண்ணி தேங்கி நின்னா பருத்தி மஞ்சளாப் போயிரும், அதனால வடிகால் வாய்க்கால வெதைக்கு முன்னாடியே வெட்டி வச்சிருங்க, மழைல நனைஞ்சுக்கிட்டே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க.

இப்ப ஊனுற எடம். இதத்தான் எங்க சித்தப்பா நாக்குல வச்சுக் காட்டுனது. சால்ல (ரெண்டு பாருக்கு நடுவுல உள்ள பள்ளத்துல) தண்ணி விட்டா அது பக்கவாட்டுல பாருக்குள்ள ஊறி மேல ஏறும், ஏறுற தண்ணி உப்பையும் இழுத்துக்கிட்டுப் போயி உச்சில ஆவியாகும், தண்ணி போயிரும் உப்பு அங்கனயே தங்கிரும். அதனால பாரு உச்சிதான் காட்டுலயே உப்பு ஜாஸ்தியான எடம். வெதைய பாரோட சரிவுல, தண்ணி நின்ன தடத்துக்கு சித்த மேல ஊனுங்க. ரெண்டு பக்கமும் தண்ணி ஓடுச்சுன்னா உப்பு நடு உச்சில சேரும், சரிவுல இருக்குற செடி தப்பிக்கும். ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுறவங்க தண்ணி ஓடுற சால் பக்கமா ஊனணும், உப்பு எதிர்ப்பக்கம் ஒதுங்கும், ஆனா அந்த வருசம் முழுக்க அதே சால்லதான் பாய்ச்சணும். தண்ணி மிச்சம் பண்ண சால மாத்தி மாத்தி பாய்ச்சச் சொல்வாங்க, நல்ல தண்ணிக்கு அது சரி, உப்புத்தண்ணில மாத்துனீங்கன்னா ஒதுங்குன உப்பு திரும்பி வேருக்கே வரும்.

மழை ஏமாத்திருச்சு, இல்ல மாசிலதான் போட முடியும்னா டேங்கர் வழி இருக்கு, ஆளுக கேட்டா சிரிப்பாங்க, ஆனா கணக்கு ஒத்து வரும். மொதல்ல போர்த்தண்ணிய பலமா ஒரு தடவ பாய்ச்சி உப்பக் கீழ எறக்குங்க, ஈரம் பதமான ஒடனே ஊனுங்க. வீரிய ஒட்டு ரகத்துக்கு நாலடிக்கு ரெண்டடின்னு வச்சா ஏக்கருக்கு சுமார் 5450 குழி. குழிக்கு அரை லிட்டர் நல்ல தண்ணின்னா 2700 லிட்டர் சொச்சம். 5000 லிட்டர் டேங்கர் ஒண்ணு சொன்னா ஊனுன அன்னிக்கு ஒரு ரவுண்டு, ஒரு ட்ரம்ல புடிச்சு வச்சு நாலாம் நாள் கொஞ்சம் கொறைச்சு இன்னொரு ரவுண்டு. அந்த அரை லிட்டர் வெதையச் சுத்தி உள்ள உப்ப மட்டும் தள்ளி விட்டாப் போதும், காடு முழுக்கக் கழுவ வேண்டியதில்ல. பண்ணைக்குட்டை வெட்டுறவங்களுக்கும் ஒரு கணக்கு: பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ரெண்டு மீட்டர் ஆழம்னா ஒரு ஏக்கருக்கு ஒரு முழுத் தண்ணி.

ஊனுற அன்னிக்கே கொஞ்சம் வெதைய பாலித்தீன் பைல, ஒரு பங்கு தொழுவுரம் மூணு பங்கு மண்ணுன்னு கலந்து, வீட்டுக் குடிதண்ணி ஊத்தி வளத்துக்கங்க. பத்தாம் நாள் காட்டுல எங்க பொக்கை (மொளைக்காத எடம்) விழுந்திருக்கோ அங்க பைய கிழிச்சு நட்டுருங்க. உப்புக்காட்டுல பொக்கை விழாம இருக்காது, இது இல்லாம திரும்ப வெதை ஊனுனா முன்ன ஊனுனதுக்கும் இதுக்கும் ஒசரம் ஒத்து வராது.

முப்பது நாள் தாண்டிருச்சு, போர தொறந்தாச்சு. இப்ப ஒரே விதி, கரிசல வெடிக்க விடாதீங்க. மண்ணு காய காய உள்ள இருக்குற கொஞ்ச ஈரத்துல உப்பு கெட்டியாகும், செடி காலுல ஈரம் இருந்தும் மத்தியானம் தொங்கிப் போயி நிக்கும். வெடிப்பு விட்டப்புறம் பாய்ச்சுனா தண்ணி வெடிப்பு வழியா நேரா கீழ போயிரும், நடுவுல இருக்குற உப்ப கழுவாது. நல்ல தண்ணில பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா பாய்ச்சுறவரு இதுல பத்து நாளுக்கு ஒருக்கா, கொஞ்சம் கொறைச்சுப் பாய்ச்சுங்க, முடிஞ்சா ராத்திரில. உப்பக் கழுவ கூடத்தண்ணி விடணும்னு ஒரு சூத்திரம் உண்டு, தண்ணி இ.சி. 4ன்னா சுமார் 12 சதவீதம் கூட விடச் சொல்லும், செவல்ல பண்ணுங்க, கரிசல்ல நான் பண்றதில்ல, அந்த வேலைய மழைக்கே விட்டுர்றேன். கம்மாத்தண்ணி கெடைச்சா போர்த்தண்ணியோட கலக்குறத விட ஒரு தண்ணி இது ஒரு தண்ணி அதுன்னு விடுறது நல்லது, அதுலயும் நல்லத மொதல்ல விடணும்.

சொட்டுநீர் போட்டவங்களுக்கு உப்புத்தண்ணி கொஞ்சம் சுலபம், ஈரம் இருக்குற வட்டத்துக்கு வெளிய உப்பு ஒதுங்கிரும். ஆனா சின்ன மழை பேஞ்சா எல்லாரும் மோட்டார ஆஃப் பண்ணுவாங்க, அங்கதான் தப்பு. பத்து மில்லிமீட்டர் தூறல் வட்டத்து ஓரத்துல சேந்திருக்குற உப்ப கரைச்சு வேருக்குள்ள தள்ளிரும். தூறலப்ப சொட்டுநீர ஓட விடுங்க, நல்லா அடிச்சுப் பேஞ்சா மட்டும் நிறுத்துங்க. தெளிப்புநீர் வேணவே வேணாம், இலை ஓரம் கருகிரும்.

ஒரம் வழக்கமான அளவுதான், ஆனா பிரிச்சுப் பிரிச்சு, செடிய விட்டுத் தள்ளிப் போடுங்க. களர்த் தண்ணில யூரியாவ மேலாப்புல வீசுனா நெறைய காத்துல அம்மோனியாவா போயிரும், மண்ணுக்குள்ள வைங்க, இல்ல அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறுங்க. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் கண்டிப்பா, அஞ்சு டன் தொழுவுரம் முடிஞ்சா. பூச்சி மருந்து கலக்க மட்டும் போர்த்தண்ணிய எடுக்காதீங்க, சில மருந்து இந்தத் தண்ணில வீரியம் போயிரும். ஊடுபயிரா உளுந்து, பாசிப்பயறு, சின்ன வெங்காயம் போடுற பழக்கத்த விட்டுருங்க, பருத்தி தாங்குறத அதுக தாங்காது. இலை செவந்தா ஒடனே உப்புன்னு முடிவு பண்ணாதீங்க, தத்துப்பூச்சி அடிச்சாலும் செவக்கும், மெக்னீசியம் பத்தாட்டியும் செவக்கும். உப்புன்னா செடி குட்டையா, இலை சின்னதா கரும்பச்சையா நீலம் பாஞ்ச மாதிரி இருக்கும், ஓரம் காயும், ஒரே காட்டுல திட்டுத் திட்டா தெரியும்.

கடைசி எடுப்பு முடிஞ்சதும் பருத்தி மாற (காஞ்ச செடிக்குச்சிய) அடுப்புக்குன்னு மொத்தமா அள்ளிராதீங்க, கொஞ்சத்தையாவது தூளாக்கி காட்டுல பரப்பி விட்டா வெயில்ல உப்பு மேல ஏறுறது கொறையும். கோடை மழைக்கு ஒரு உழவு, வரப்ப ஒசத்திக் கட்டி தக்கைப்பூண்டு வெதைச்சு பூக்குறதுக்கு முன்னாடி மடக்கி உழுதுருங்க. ஆவணிக்கு முன்னாடி மேல்மண்ணு ஒரு பை, அரையடி கீழ ஒரு பை தனித்தனியா எடுத்து லேப்ல குடுத்து, கீழ் பைய விட மேல் பை உப்பு கம்மியா இருக்கான்னு பாருங்க. கம்மின்னா மழை அதோட வேலையப் பண்ணிருக்கு, வெதை வாங்கப் போகலாம். மேல கூட இருந்துச்சுன்னா அந்த வருசம் அந்தத் துண்டுல சோளத்த வெதைச்சுட்டு மாட்டுக்காவது தீவனம் பாத்துக்கங்க.